துண்டுக்கடியில் கொடுத்த கை

கண்ணு,

நீ எழுதியது நேற்று வந்து சேர்ந்தது. இங்கே நானும், விற்காமல் வைத்துக்கொண்ட கறவைகள் இரண்டும் நன்றாகவே இருக்கிறோம். சிவப்பிக்கு மட்டும் குளம்பில் புண், வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கட்சிக்காரர்கள் மாலையோடு உன்னைத் தேடி வந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உன் நைனாவின் இடம் காலியாக இருக்கிறது, பொதுத்தேர்தல் வரப்போகிறது, அவர் பிள்ளை நின்றால் எதிர்த்து நிற்க ஆளே வராது என்றார்களாம். அம்மாவின் ஆசீர்வாதம் வேண்டும் என்று முடித்திருக்கிறாய். ஆசீர்வாதம் பண்ணுவது சுலபம், ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் நீ கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நான் நாலாவது வரைக்கும் படித்தவள். என் எழுத்து மாடு நடந்த தடம் மாதிரி கோணிக்கொண்டுதான் போகும். பொறுமையாகப் படி. வக்கீலுக்குப் படித்தவன் இதைவிட மோசமான எழுத்தையெல்லாம் பார்த்திருப்பாய்.

உன் நைனா போன பிறகு வீட்டு வாசலில் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் எல்லோரும் அவரை விவசாயி, விவசாயி என்றார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு நாளாவது ஏர் பிடித்திருப்பாரா? ஏர் இழுக்கிற மாட்டை வளர்த்தவர் அவர். கோயில் மலைக்கு வடக்கே இருக்கிற கரட்டு மேட்டில் பசுக்களை மேயவிட்டு, பிறக்கிற காளைக்கன்றுகளைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்து, நுகத்தடிக்குப் பழக்கி, ஜோடி சேர்த்துச் சந்தைக்கு ஓட்டிப் போவார். திருவாலங்காட்டு நெல்வயலில் உழுததும், பொதட்டூர்பேட்டையிலிருந்து துணிமூட்டை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்கு வந்ததும் பாதிக்குப் பாதி நம் தொழுவத்து மாடுகள்தான். உனக்கு மாடு ஒத்துவரவில்லை. கிட்டே போனால் தும்முவாய், ஒரு கிடாரி உதைத்ததில் முழங்கால் வீங்கிப் படுத்துக்கிடந்தாய். 'இவன் கை பேனா பிடிக்கிற கை, உட்டுடு' என்று சொல்லி அரக்கோணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதிலிருந்து நீ விடுமுறைக்கு மட்டும் வந்து போகிற பிள்ளை ஆகிவிட்டாய். அதனால்தான் நான் இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதை நீ பார்த்ததே இல்லை. எங்கள் அப்பாவும் மாட்டுக்காரர், அதனால் நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கல்யாணமான பிறகும் சோறு கட்டிக்கொண்டு உன் நைனாவோடு போயிருக்கிறேன். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கடியில் இருக்கும். விரலைப் பிடித்தால் ஒரு விலை, விரலின் கணுவைப் பிடித்தால் இன்னொரு விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. கை அங்கே பேசிக்கொண்டிருக்க, வாய் வெளியே கூத்தாடும். 'இத்த ஓட்டினு போனா என் பொண்டாட்டி ஊட்டுக்குள்ளயே சேக்கமாட்டா, எலும்ப எண்ணிடலாம்' என்பான் வாங்குகிறவன். 'என் தலைய வேணா தரேன், இந்த மாட்ட உனக்குத் தரமாட்டேன், போய்யா' என்பார் உன் நைனா. கேட்டால் வெட்டுக்குத்து வரும் போல இருக்கும். உள்ளே கை அழுத்திக்கொண்டதும் எல்லாம் முடிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போவார்கள். வாயால் சொன்னதை ஒருவரும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாயால் சொன்னது கூட்டத்துக்கு. கை அழுத்தியது மட்டும் மாறக் கூடாது. மாறினவனோடு அப்புறம் எந்தச் சந்தையிலும் யாரும் துண்டு போட மாட்டார்கள்.

உன் நைனா மாறினதில்லை. ஒரு தடவை திருவாலங்காட்டுக்காரர் ஒருவர் ஒரு ஜோடிக்குக் கை அழுத்திவிட்டுப் போனார், பிறகு ஆளையே காணோம். மழை பொய்த்த வருஷம், வைக்கோல் தங்கம் மாதிரி இருந்தது. அதே ஜோடியை நல்ல விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். இவர் தரமாட்டேன் என்று சொல்லி, நம் கறவைகளுக்கு இருந்த தீனியையும் அந்த ஜோடிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சண்டை போட்டேன். 'அந்த ஆளுக்கே மறந்து பூட்டிருக்கும், நீங்க இன்னாத்துக்குக் கட்டிப்புடிச்சிகினு கீறீங்க?' என்றேன். 'அவன் மறந்தா அவன் கை மறந்துச்சு. என் கை மறக்கலியே' என்றார். அந்த மனிதர் வீட்டில் அம்மை போட்டு, அடுத்தடுத்து இரண்டு சாவு. எல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்து நின்றபோது, அவர் மாடுகள் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். இப்படிப்பட்ட ஆளைத்தான் நாம் சட்டசபை மெம்பராகக் கோட்டைக்கு அனுப்பினோம்.

அனுப்பினது எப்படி என்று உனக்குப் பாதி தெரியும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சர்க்காரில் கரட்டை அடைத்துவிட்டார்கள், மேய்ந்த மாட்டையெல்லாம் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைத்தார்கள். அபராதம் கட்ட முடியாமல் ஒற்றை மாட்டுக்காரர்கள் மாட்டையே விட்டுவிட்டு வந்தார்கள். உன் நைனா மனு எழுதவில்லை, யாரையும் கெஞ்சவுமில்லை. நம் மாடு, முனுசாமியின் மாடு, சுற்றுப்பட்டு மாடு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போய் தாலுகா ஆபீஸ் முன்னால் விட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். முனுசாமி தெரியும் உனக்கு, நம் பக்கத்துத் தொழுவம், இரண்டு பசுவும் ஆறு பிள்ளையும் வைத்திருந்தவர். மாடுகள் ஆபீஸ் வராந்தாவில் ஏறின, சாணி போட்டன. சில மாடுகள் மலைப்படிப் பக்கம் போய் பூக்கடைச் சாமந்தியைத் தின்றன, காவடி எடுத்து வந்தவர்கள் அலறினார்கள். தாசில்தார் வெளியே வந்து, 'யாருடைய மாடு இதெல்லாம்?' என்று கத்தினார். 'மேய்ச்சல பூட்டினது நீங்க. அப்ப தீனி போடறதும் நீங்கதாங்களே' என்றார் உன் நைனா, எழுந்திருக்காமலே. பொழுது சாய்வதற்குள் கரடு திறந்துவிட்டது. முனுசாமி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நம் ஜில்லாவில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஊர் இல்லை.

அதைக் கேட்டுத்தான் யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் கதர்ச் சட்டைக்காரர்கள் அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி வந்தார்கள். 'எனக்கு மாட்டுப் பேச்சுதாங்க தெரியும்' என்றார். அது போதும் என்றார்கள். தீர்வை கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. மாடு மேய்த்தவர்களில் ஓட்டு இருந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஓட்டு இல்லாத அவர்கள்தான் அவருக்காக ஊர் ஊராக நடந்தார்கள். ஓட்டு இருந்தவர்களை நம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போடவைத்தார்கள். ஜெயித்த அன்று நம் மாடுகளின் கொம்புக்கெல்லாம் அவர்களே வர்ணம் அடித்தார்கள், பொங்கலுக்கு அடிக்கிற மாதிரி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். மெம்பர் சம்சாரம் என்று சொல்லி அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர் நான் எடுத்த புடவைக்கு விலையே சொல்லவில்லை. நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு அவர் பட்டணத்தில் உன்னோடு அறை எடுத்துத் தங்கினார். சனிக்கிழமை ரயிலில் வருவார். சோப்பு வாசனை அடித்ததால் மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அவர் அங்கே சபையில் கை தூக்கிக்கொண்டிருந்தபோது நான் இங்கே கன்று போடுகிற மாட்டின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அவரையே கிண்டல் செய்வேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பு வரவரக் குறைந்தது. 'அங்க எல்லாரும் வாயாலயே பேசிகினு கீறாங்க. காரியம் எங்க நடக்குதுன்னு புரியல' என்று ஒரு முறை சொன்னார். சந்தையிலும் அப்படித்தானே, கூச்சல் வெளியே, காரியம் உள்ளே, அதே மாதிரி இருக்கும் என்றேன் நான். யோசித்துப் பார்த்தால், அந்த எண்ணத்தை அவர் தலையில் அழுத்தி வைத்தவள் நானாகக்கூட இருப்பேன். 

அவர் சபையில் பேசிய அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அரிசிப் பஞ்சம், ரேஷன் கடையில் கூட்டம். மேய்ச்சல் தரையையெல்லாம் உழவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். மாட்டுக்காரர் ஒருவரே எழுந்து அதை ஆதரித்துப் பேசினால் எதிர்க்க யாருக்கும் வாய் வராது என்று அவர்களுக்குத் தெரியும். பெரிய தலைவர் ஒருவர், பெயர் உனக்கே தெரியும், நான் எழுதவில்லை, உன் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டார். 'உங்க ஊர் கரட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள். நீங்கள் சபையில் நாலு வார்த்தை பேசுங்கள், போதும்' என்று சொல்லி உன் நைனாவின் கையைப் பிடித்து அழுத்தினாராம். அழுத்தும்போது அந்தத் தலைவர் தோளில் இருந்த அங்கவஸ்திரம் சரிந்து இரண்டு பேர் கைமேலும் விழுந்ததாம். அதற்கு மேல் உன் நைனாவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த சனிக்கிழமை அவர் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. 'கரடு நமக்குத்தான். கை குடுத்துட்டாரு' என்றார். சபையில் பேச வேண்டியதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அது கூட்டத்துக்கு. என் தலையைத் தருவேன் மாட்டைத் தரமாட்டேன் என்பது மாதிரி.

அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் நீ. உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் சொல்லத்தான் செய்கிறேன். நன்றாக எழுதியிருந்தாய். 'மாடு மேயும் மண் மனிதனுக்குச் சோறு போடட்டும்' என்று ஒரு வரி. அவர் இங்கே கிணற்றடியில் குளிக்கும்போது அதைச் சொல்லிப் பழகினார். உன் தமிழை நினைத்து அவருக்கு அவ்வளவு பூரிப்பு. 'நைனா, இதை நீங்கள் நிஜமாகவே நினைக்கிறீர்களா?' என்று நீ கேட்டிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உனக்குத் துண்டு விஷயத்தைச் சொல்லியிருப்பார். நீ படித்தவன், 'அதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்' என்று சொல்லியிருப்பாய். நீ கேட்கவில்லை. அவர் நம்பித்தான் பேசுகிறார் என்று நினைத்தாய், உனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்த அப்பனும் பிள்ளையும் ஒருவர் மனசில் இருப்பது ஒருவருக்குத் தெரியாமல் இருந்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் ஆறவில்லை.

அவர் பேசிய மறுநாள் பேப்பரில் உன் வரி கொட்டை எழுத்தில் வந்தது. பஸ் நிறுத்தத்துச் சவரக்கடையில் யாரோ உரக்கப் படித்ததை முனுசாமி கேட்டிருக்கிறார். நம்பவில்லை, பேப்பர்காரன் கட்டிவிட்டான் என்று சொல்லிச் சண்டைக்குப் போயிருக்கிறார். அறுவடை முடிந்ததும் கரட்டில் சர்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். உன் நைனா அன்றைக்கு ஊரில்தான் இருந்தார். முனுசாமி நேரே தொழுவத்துக்கு வந்தார்.

'நீ சொன்னதா பேப்பர்ல போட்டுகிறாங்களே. மெய்யா?'

'ஆங், சொன்னேன். அது சும்மா சொன்னது முனுசாமி. கூட்டத்துக்குச் சொன்னது.'

'சும்மா சொன்னதுக்கா சங்கிலி தூக்கினு வந்து அளந்துகினு கீறான்?'

  உன் நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஆள் முனுசாமி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். 'சரி வரேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை.

அடுத்த ரயிலிலேயே உன் நைனா பட்டணம் போய் அந்தத் தலைவரைப் பார்த்தார். உன்னிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் மட்டும், அதுவும் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். கரட்டில் பாதியை அளந்து பிரிக்கிறார்களே என்று கேட்டாராம். 'நீங்களே சபையில் பேசினீர்களே, எல்லாம் அச்சில் இருக்கிறதே' என்றாராம் அவர். 'ஐயா, நீங்க கை குடுத்தீங்களே' என்றிருக்கிறார் இவர். அந்த மனிதருக்கு உண்மையாகவே நினைவில்லை. 'கை எல்லோருக்கும்தான் கொடுக்கிறேன்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபடியும் இவர் கையைப் பிடித்து அழுத்தி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். இதைச் சொல்லும்போது உன் நைனா தன் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள். வாயால் சொன்னது செல்லும், கையால் சொன்னது செல்லாது என்று ஒரு இடம் இருக்கும் என்பதே மாட்டுக்காரனுக்குத் தெரியாது.

உழவுக்குப் போன பாதிக் கரட்டில் நெல் விளைந்ததா என்று நீ கேட்கலாம். அந்தச் செம்மண்ணில் நெல் எங்கே விளையும்? செல்வாக்குள்ளவர்கள் வளைத்து வாங்கி வேர்க்கடலை போட்டார்கள், அது எண்ணெய் ஆலைக்குப் போகிறது. ஒரு மனிதனுக்கும் அதிலிருந்து சோறு வரவில்லை. மிச்சம் இருந்த பாதியில் எல்லோருடைய மாடும் நெருக்கியடித்து மேய்ந்து, புல் வேரோடு போயிற்று. நாம்தான் முதலில் விற்க வேண்டும், இருப்பதை மற்றவர்களுக்கு விட வேண்டும் என்றார் உன் நைனா. அரக்கோணத்திலிருந்து காதர் பாயை வரச் சொன்னார். எத்தனையோ வருஷமாக அவரோடுதான் மாடு மாற்றிக்கொண்டிருந்தோம். நீ பிறந்தபோது உனக்குக் கொலுசு போட்டவர். பாய் வந்து தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார், ஒவ்வொரு மாட்டையும் தடவிக்கொடுத்தார். வழக்கம் போலத் துண்டை விரித்து, அதற்கடியில் கையை நீட்டினார். உன் நைனா கையைக் கொடுக்கவில்லை.

'வாயால சொல்லு பாய்.'

'இன்னாண்ணே இது, புதுசா?'

'வாயாலயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.'

 பாய்க்குப் பழகாத காரியம், ஊருக்கு முன்னால் துணி அவிழ்க்கச் சொன்ன மாதிரி கூசினார். என்னைப் பார்த்து, 'அண்ணி, நீங்களாவது சொல்லுங்க' என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் மெல்லிய குரலில் ஒரு விலை சொன்னார். உன் நைனா பேரம் பேசாமல் சரி என்றார். பாய் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அவர் கண் கலங்கியிருந்தது. நம் வழக்கப்படி மாடுகளை அவர் கொண்டுவந்த புதுக் கயிற்றில் மாற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். உன் நைனா அழவில்லை. தொழுவத்தைக் கூட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே எண்ணம்தான். எங்கே சொன்னோமோ அங்கேயே எழுந்து, சொன்னது தப்பு என்று சொல்லிவிட வேண்டும். காலியான தொழுவத்தில் நின்று சொல்லிப் பார்ப்பார், நான் சமையல் செய்துகொண்டே கேட்பேன். 'நான் இந்தச் சபையில மேய்ச்சல் தரையப் பத்திச் சொன்னது தப்புங்க. எங்க ஜனங்களுக்குக் கெடுதல் பண்ணிட்டேன்.' இவ்வளவுதான். உன்னை எழுதித் தரச் சொல்லவில்லை. நீ நல்லா எழுதிடுவே, இது நல்லா இருக்க வேணாம் என்றார். பேச நேரம் கேட்டார், கட்சியில் கொடுக்கவில்லை. ஒரு தடவை தானாகவே எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன், அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று இருந்தார். அதற்குள் நெஞ்சுவலி வந்து படுத்தார், தை பிறந்ததும் போய்விட்டார். சபையில் அவருக்கு அனுதாபம் சொன்னபோது எதைச் சொல்லிப் புகழ்ந்தார்கள் தெரியுமா? அந்தப் பேச்சைத்தான். அந்தப் பேப்பரைக் கத்தரித்து நீ எனக்கு அனுப்பி வைத்தாய். பெருமையோடுதான் அனுப்பினாய், எனக்குத் தெரியும். நான் அதை அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இப்போது உன்னை ஏன் தேடி வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாயா? இனிமேல் எல்லோருக்கும் ஓட்டு என்கிறார்கள். முனுசாமிக்கும் அவர் சம்சாரத்துக்கும் ஓட்டு வரப்போகிறது. தாலுகா ஆபீசில் மாட்டைக் கொண்டுபோய் விட்டவரின் பிள்ளை என்று உன்னைக் காட்டி அதை வாங்கப் பார்க்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அரசியல் என்றால் அப்படித்தான். ஆனால் குட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மிச்சக் கரட்டையும் அளக்கப் போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. அதுவும் போனால் இங்கே ஒருத்தர் வீட்டிலும் மாடு இருக்காது. முனுசாமியின் மூத்தவன் ஏற்கெனவே பட்டணத்தில் ரிக்‌ஷா இழுக்கப் போய்விட்டான். அளக்கிறவர்கள் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஆதாரம் உன் நைனாவின் பேச்சு. மாட்டுக்காரரே சொன்னாரே என்கிறார்கள். அது சபையில் அப்படியே நிற்கும் வரைக்கும் யார் என்ன மனு கொடுத்தாலும் எடுபடாது.

அதனால் இதைக் கேள். நீ நின்று ஜெயித்தால், அங்கே போய் நீ முதலில் பேச வேண்டியது, உன் நைனா சொன்னது தப்பு என்பதுதான். எப்படி ஏமாந்தார் என்றெல்லாம் கதை சொல்லாதே, அது அவருக்காகப் பரிந்து பேசுவதாகிவிடும். தப்பு என்று சொல், எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்றும் சொல். அவர் பெயர் கெடும். படத்தைத் திறந்துவைத்து மாலை போட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். கெட்டால் கெடட்டும். அவரோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், அவருக்கு அந்தப் பெயர் ஒரு நாளும் இனிக்கவில்லை. இன்னொன்று. இதைச் சொல்லத்தான் போகிறேன் என்று உன்னை நிறுத்துகிறவர்களிடம் இப்போதே, நாலு பேர் முன்னால் சொல்லிவிடு. மறைத்து வைத்து ஜெயித்துவிட்டுப் பிறகு சொல்வது வேண்டாம். கேட்டதும் மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும். அப்போது நீ ஊருக்கு வந்து முனுசாமி வாசலில் நின்று, அதே வார்த்தையை அவரிடம் சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய். தனியாக நில் என்றால் நில். போய் உன் வக்கீல் வேலையைப் பார் என்றால் அதைப் பார். இவற்றில் எதுவும் முடியாது, பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்றால் தேர்தலுக்கே நிற்காதே. நீ என் பிள்ளைதான், எனக்கு உன்மேல் மனஸ்தாபம் வராது. ஆனால் ஆசீர்வாதம் என்று கேட்டாயே, அது இதற்கு மட்டும்தான்.

ஒன்றை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பேச்சு பேசுவதற்கு முந்தின வாரம் உன் நைனா என்னைப் பட்டணத்துக்குக் கூப்பிட்டார். 'மேல பொம்பளைங்க உக்காந்து பாக்க எடம் கீது. உன் புள்ள எழுதினத நான் பேசறேன், வந்து கேளு' என்றார். நாலைந்து தடவை கூப்பிட்டார். மாடு கன்று போடுகிற சமயம், வரமுடியாது என்றேன். அது போட இன்னும் நாளிருந்தது. மெம்பர் சம்சாரம் என்று அங்கே போய் உட்காரக் கூச்சம், அவ்வளவுதான். சந்தையில் அவர் கத்தும்போது எத்தனையோ முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். கூட்டத்துக்குப் பேசுகிறாரா, மனசாரப் பேசுகிறாரா என்று அவர் கழுத்து நரம்பைப் பார்த்தே எனக்குச் சொல்ல முடியும். நான் மேலே உட்கார்ந்திருந்து, சுற்றிலும் ஆட்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பதையும் பார்த்திருந்தால், இது சந்தையில்லை என்று எனக்கு அங்கேயே விளங்கியிருக்கும். இறங்கி வந்து அன்றைக்கே சொல்லியிருப்பேன், அன்றைக்கே திருத்தியிருக்கலாம். போகாமல் இருந்துவிட்டேன். நீ பேசப் போகிற நாள் தெரிந்தால் ஒரு கார்டு போடு. மாடுகளை முனுசாமி வீட்டில் விட்டுவிட்டு முதல் ரயிலுக்கே வந்துவிடுகிறேன். அவர் பார்த்துக்கொள்வாரா என்று தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன்.

உன் அம்மா